பொருளைக் கையில் வாங்குவேன்

இஸ்திரிப் பெட்டி கவுண்டர்மேல் வந்து விழுந்த சத்தத்தில், பின்பக்க ஒர்க்‌ஷாப்பில் குனிந்து திருகாணி தேடிக்கொண்டிருந்த மெக்கானிக்கே நிமிர்ந்து எட்டிப் பார்த்தார்.

“மூணாவது தடவை! இதோட மூணாவது தடவை! மனுஷனுக்கு வேற பொழப்பில்லைன்னு நெனச்சுட்டீங்களா?”

ரசீது போடுகிறவள் பெட்டியை இரண்டு கைகளாலும் எடுத்துத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். கவுண்டரின் உள்விளிம்பில் மடித்துப் போட்டிருந்த மஞ்சள் துணியை எடுத்தாள். முதலில் கைப்பிடி. அப்புறம், தாறுமாறாகச் சுற்றியிருந்த ஒயரைப் பிரித்து, நுனியிலிருந்து ஒரே இழுப்பாகத் துடைத்தாள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகின் பள்ளங்களில் துணியோடு நகத்தை விட்டுத் தூசியை எடுத்தாள். வந்தவர் கத்திக்கொண்டேதான் இருந்தார். கைப்பிடியைத் துடைக்கும்போது மொத்தக் கட்டடத்தையும் பார்த்துக் கத்தினார். ஒயருக்கு வந்தபோது பெட்டியைப் பார்த்துக் கத்தினார். அடித்தட்டைத் திருப்பியபோது குரல் பாதியாகியிருந்தது.

“அங்க பாருங்க, அந்த ஓரத்துல. கருப்பா ஒட்டிக்கிட்டிருக்கே, அது.”

முழங்கையைக் கவுண்டரில் ஊன்றி விரலை நீட்டிக் காட்டினார்.

“துணி ஏதாவது கருகிப்போச்சா சார்?”

அவர் விரலை மடக்கிக்கொண்டார். “என்னுது இல்லம்மா. பொண்ணோடது. வேலைக்கு இன்டர்வியூன்னு எடுத்து வச்சிருந்தா.”

“எப்ப?”

“இன்னைக்குக் காலையிலதான்.”

“போனாங்களா?”

“போனா. வேற ஒண்ணப் போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டே போனா.”

“அழுதாலும் போயிட்டாங்கல்ல சார்.” துடைத்த இடத்தில் எண் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினாள். “வெள்ளிக்கிழமை வாங்க. நானே ஒரு துணியைத் தேய்ச்சுப் பார்த்துட்டுத் தரேன்.”

ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “வரேம்மா” என்று போனார். வரும்போது முட்டித் திறந்த கதவை, போகும்போது சத்தம் வராமல் பிடித்துச் சாத்தினார்.

பக்கத்தில் பில் போடும் பெண், அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். காதில் பெரிய பெரிய வளையங்கள் போட்டுக்கொண்டு வருவதால் அந்தச் சர்வீஸ் சென்டரில் எல்லோருக்கும் அவள் வளையம். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

“எப்படிக்கா இது? நான் வாயத் தொறந்திருந்தா அந்தப் பெட்டி என் மண்டையில விழுந்திருக்கும்.”

“உன் மண்டையில விழுந்தா பெட்டி உடைஞ்சிருக்கும். அவரு நாலாவது தடவையும் வந்திருப்பாரு.”

வளையம் சிரித்தாள். ஆனால் கேள்வியை விடவில்லை. “இல்லக்கா, நெசமாக் கேக்கறேன். தொடைக்கிறப்ப மனசுல என்ன நெனச்சுக்குவீங்க?”

“ஸ்டிக்கர் ஒட்டணும்னு நெனப்பேன்.”

அது உண்மை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் இங்கே வந்த புதிதில், பிசுக்குப் பிடித்த மிக்ஸிகளில் ஸ்டிக்கர் நிற்காமல் உதிர்ந்து, இரண்டு பேருடைய மிக்ஸிகள் மாறிப்போயின. பெரிய ரகளை. அதிலிருந்துதான் துடைக்க ஆரம்பித்தாள். சில மாதம் கழித்துத்தான், துடைக்கத் துடைக்க எதிரே நிற்கிறவர்களின் குரல் இறங்குவதைக் கவனித்தாள். ஏன் என்று புரியவில்லை. புரியாதது அவளுக்குப் பிடித்திருந்தது. விடையை உடனே பார்த்துவிட மனமில்லாத விடுகதை போல அதை வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் துடைக்காமலே வாங்கிப் பார்த்தாள். ரசீது கைக்குப் போகும்வரை கத்தினார்கள். வேகமாகத் துடைத்துப் பார்த்தாள். இன்னும் அதிகமாகக் கத்தினார்கள். ‘ஐயோ பாவமே’ என்று முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். அதற்குத்தான் ஆக அதிகமாகக் கத்தினார்கள்.

துண்டில் சுற்றிக் கொண்டுவருகிறவர்கள், பத்து வருஷத்துக்கு முந்தைய அட்டைப்பெட்டியில் அதே தெர்மோகோலோடு கொண்டுவருகிறவர்கள், கவுண்டரில் வைத்துவிட்டு யாருடையதோ என்பதுபோல வேறு பக்கம் பார்க்கிறவர்கள் என்று அவளுக்குள் ஒரு வரிசையே இருந்தது. துண்டில் சுற்றி வருகிறவர்கள் கத்த மாட்டார்கள். ஆனால் சரிசெய்ய முடியாது என்று சொன்னால் தாங்க மாட்டார்கள். எல்லோரும் கோபம் வாயில் இருப்பதாக நினைக்கிறார்கள். அது கொண்டுவந்த பொருளுக்குள் எங்கோ இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. யாரிடமும் சொன்னதில்லை. ரசீது போடுகிறவள் சொல்கிற பேச்சா அது.

எல்லோருக்கும் அவள் ரசீதக்கா. அவளைவிட ஏழெட்டு வயது பெரியவரான மெக்கானிக்குக்கும் அக்காதான். அவர் காதிடுக்கில் பென்சில் மாதிரி ஒரு சின்னத் திருப்புளி எப்போதும் செருகியிருக்கும். அதனால் அவர் திருப்புளி.

“அக்கா, காலு எப்படி இருக்கு?” என்று அவர் இப்போது பின்பக்க ஜன்னல் வழியாகக் கேட்டார். அவள் எடையை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றுவதை அவர் பார்த்துவிட்டார்.

“இருக்கு. ரெண்டும் இருக்கு.”

கால்தான் பிரச்சினை. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகச் சுருட்டிக்கொண்டு புடைத்து நின்றன. சாயங்காலம் ஆனால் கணுக்காலைச் சுற்றி ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் டாக்டர், காலை அழுத்திப் பார்த்துவிட்டு, நிமிராமலே சொன்னார்: “நிக்கிறத நிறுத்துங்க. உக்காந்து பாக்கற வேலையா மாத்திக்குங்க. புண்ணு வந்துட்டா லேசுல ஆறாது.” கெட்டியான காலுறை ஒன்றும் எழுதிக்கொடுத்தார்.

உட்கார்ந்து பார்க்கிற வேலை அந்தச் சென்டரில் இரண்டுதான். ஒன்று மேலாளருடையது. மற்றது, கூடத்தின் மூலையில் பாதிச் சுவர் தடுப்புக்குள் இருக்கும் பிரிவுப் பொறுப்பாளருடையது. மற்ற யாரும் உட்காரக்கூடாது. ‘வாடிக்கையாளர் நிற்கும்போது ஊழியர் அமரலாகாது’ என்று தலைமை அலுவலகச் சுற்றறிக்கை ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. வாடிக்கையாளர் இல்லாதபோது என்ன செய்வது என்று அதில் எழுதவில்லை. அதனால் அப்போதும் நின்றார்கள். பொறுப்பாளர் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். தடுப்புக்குள் அவருடைய சக்கரம் வைத்த நாற்காலி, மேசைக்குள் தள்ளியபடி காலியாகக் கிடந்தது. நடுவில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது.

ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில், கூட்டிப் பெருக்குகிற சாக்கில் அவள் அதில் உட்கார்ந்து பார்த்தாள். பத்து எண்ணும் நேரம் இருக்கும். காலிலிருந்த கனம் எங்கே போகிறது என்று கவனித்தாள். முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால். ஒவ்வொன்றாக விளக்கு அணைகிற மாதிரி இருந்தது.

இஸ்திரிப் பெட்டிக்காரர் வந்துபோன அன்று மதியம் மேலாளர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். பிரிவுப் பொறுப்பாளர் பதவிக்கு உள்ளேயிருந்தே ஆள் எடுக்கப்போகிறார்கள். தகுதியுள்ளவர்களுக்கு இரண்டு நாள் ‘உணர்வுசார் நுண்ணறிவுப் பயிற்சி’. அதில் பெறும் மதிப்பெண்ணே முடிவு.

திருப்புளி தாளை உரக்கப் படித்தார். “உணர்வுசார்... நுண்ணறிவு. அப்படின்னா என்ன சார்?”

“எமோஷனல் இண்டெலிஜென்ஸ். அடுத்தவங்க மனசப் புரிஞ்சு நடந்துக்கறது” என்றார் மேலாளர்.

“அப்ப எதுக்கு சார் ரெண்டு நாள்? ரசீதக்காவக் கூப்பிட்டு உக்கார வச்சுட்டாப் போச்சு. அவங்ககிட்ட அது மொத்த வெலைக்கே இருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். அவள் மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதவியைவிட அந்தச் சொல்தான் அவளை இழுத்தது. நுண்ணறிவு. அவள் வைத்திருக்கும் விடுகதைக்கு யாரோ பெயர் வைத்து, பாடமாக்கி, இரண்டு நாளில் சொல்லித்தருகிறார்களாம்.

வீட்டில் பாயில் படுத்து, குதிகால்களைச் சுவரில் உயர்த்தி வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். கணவன் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறவன். விரலிடுக்கில் ஒட்டியிருந்த காகிதத் தூளைத் தட்டியபடி கேட்டான்.

“கோபமா வர்றவங்களையெல்லாம் தொடைச்சு அனுப்பறியாம். எனக்குக் கோபம் வந்தா மட்டும் ஏன் கண்டுக்கறதில்ல?”

“உங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லையே.”

மகள் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். போனில் தேடி, இதுமாதிரிப் பயிற்சிகளில் முகங்களைக் காட்டி உணர்ச்சியைச் சொல்லச் சொல்வார்கள் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டினாள்.

“இது என்னம்மா?”

“இந்தம்மா யாரையோ எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க. அவங்க வரமாட்டாங்கன்னும் தெரியும்.”

“அம்மா! சோகம், கோபம், பயம், மகிழ்ச்சி. நாலுல ஒண்ணு சொல்லணும்.”

“நாலுதானா?” என்று அவள் வியப்போடு கேட்டாள்.

“பாஸாகணும்னா நாலுதான்.”

“உக்காரற வேலை கெடைக்கும்னா நாலுல ஒண்ணச் சொல்லிட்டுப் போயேன்” என்றான் கணவன், சுவரில் ஊன்றியிருந்த அவள் கால்களைப் பார்த்துக்கொண்டே.

பயிற்சி மாடியில், உதிரிப் பாகங்கள் வைக்கும் அறையை ஒழித்து நடந்தது. மூன்று கிளைகளிலிருந்து பன்னிரண்டு பேர். பயிற்சியாளர் அவள் வயதுப் பெண்மணி, தொண்டை கட்டிய குரல். வந்ததும் எல்லோரையும் உட்காரச் சொன்னார். இரண்டு நாளும் உட்கார்ந்தே இருக்கலாம் என்பதே முதல் பாடமாக இருந்திருந்தாலும் அவளுக்குத் திருப்திதான்.

ஆனால் பாடங்களும் நன்றாகத்தான் இருந்தன. கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் வேறொன்று இருக்கும் என்று பயிற்சியாளர் பலகையில் படம் போட்டுக் காட்டியபோது, அவளுக்கு உடம்பே நிமிர்ந்தது. தனக்கு மட்டும் தெரிந்த சந்தின் பெயரைப் பேருந்துப் பலகையில் பார்த்த மாதிரி இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் வளையம் அவளைவிட வேகமாக எழுதினாள், தலைப்புகளுக்குக் கோடு போட்டு.

இடைவேளையில் அவள் பயிற்சியாளரிடம் போய்க் கேட்டாள். “மேடம், அடியில இருக்கற அந்த வேற ஒண்ணு, அது கைக்கு வருமா?”

“கைக்குன்னா?”

“இல்ல... கத்தறவங்க கையப் பாத்தா எனக்கு மொதல்ல தெரியும். வாய் ஒண்ணு சொல்லும், கை வேற ஒண்ணு சொல்லும்.”

பயிற்சியாளர் தேநீர்க் கோப்பையை வாயருகே நிறுத்தி அவளைப் பார்த்தார். “சுவாரசியமா இருக்கே” என்றார். பிறகு மணி பார்த்துவிட்டு, எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்.

இரண்டாம் நாள் காலை எழுத்துத் தேர்வு. முதலில் பன்னிரண்டு முகங்கள். மகள் சொன்னதை நினைவில் வைத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள். நான்காவது படத்தில் ஒரு ஆள் பல் தெரியச் சிரித்தபடி நின்றிருந்தான். ‘மகிழ்ச்சி’ என்று குறிக்கப்போன பேனா நின்றுவிட்டது. அவன் ஒரு தோள் தாழ்ந்திருந்தது. மறுபடி மறுபடி பார்த்தாள். கட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் பொடியெழுத்தில் எழுதினாள்: ‘கால் வலிக்கிறது. போட்டோ எடுப்பவர் சீக்கிரம் முடித்தால் தேவலை என்று நிற்கிறார்.’

கடைசிக் கேள்விக்கு அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். ‘மிகுந்த கோபத்துடன் வரும் வாடிக்கையாளரிடம் நீங்கள் முதலில் செய்வது என்ன? காரணத்துடன் விளக்குக.’

‘பொருளைக் கையில் வாங்குவேன். துடைப்பேன்’ என்று எழுதினாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் வெகுநேரம் நின்றாள். ஸ்டிக்கர் என்று எழுதலாம், அது பாதிதான். அடியில் இருக்கும் வேறொன்று என்று எழுதலாம். அது நேற்றுக் கேட்டது, தான் கண்டது இல்லை. கடைசியில் உள்ளதையே எழுதினாள்: ‘காரணம் இன்னும் முழுதாகத் தெரியவில்லை. பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.’

பக்கத்தில் வளையம் அரைப் பக்கம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதிக்கொண்டிருந்தாள்.

மதியம் நடிப்புப் பயிற்சி. மேலாளர் கோபக்கார வாடிக்கையாளர். ஒவ்வொருவராகப் போய் அவரைச் சமாதானப்படுத்த வேண்டும். வளையம் போனாள். காற்றிலிருந்து இல்லாத மிக்ஸியை இரு கையாலும் வாங்கினாள், கைக்குட்டையால் காற்றைத் துடைத்தாள், “உங்க நேரம் வீணானதுக்கு வருந்தறேன் சார்” என்றாள். கைதட்டினார்கள். ரசீதக்காவும் கைதட்டினாள். ஒயரை மட்டும் நடுவிலிருந்து துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து அவள். எதிரே மேலாளர் கையை வீசிக்கொண்டு வந்து நின்றார்.

“பொருள் எங்க சார்?” என்று அவளுக்குத் தன்னாலே வந்துவிட்டது.

அறை முழுக்கச் சிரிப்பு. “இருக்கறதா நெனச்சுக்குங்க” என்றார் பயிற்சியாளர்.

நினைக்க முயன்றாள். வரவில்லை. கவுண்டராகப் போட்டிருந்த மேசை வெறுமையாக இருந்தது. மேலாளர் கத்த ஆரம்பித்தார். “என்ன சர்வீஸ் இது? ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு! எத்தனை நாளைக்கு நான் பதில் சொல்றது? யார்யாருக்குப் பதில் சொல்றது?”

வாங்குவதற்கு ஒன்றும் இல்லாததால் அவர் கைகளையே பார்த்தாள். இடது மணிக்கட்டில் கடிகாரத்தை வலது கை சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் மட்டும் அவர் செய்வது அது. அன்று காலை தேர்வு நடக்கும்போது அவருக்கு ஒரு போன் வந்திருந்தது. வாடிக்கையாளர் எங்கே யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? இது நடிப்பில்லை. கத்தலுக்கு அடியில் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. பலகையில் போட்ட படம் அப்படியே கண்முன் நின்றது. கண்டுபிடித்துவிட்ட பரபரப்பில், யார், எங்கே என்பது மறந்துபோயிற்று.

“சார்” என்றாள் தணிந்த குரலில், “காலையில வந்த போன்ல ஏதாவது கெட்ட சேதியா?”

யாரும் சிரிக்கவில்லை. மேலாளரின் காதுகள் சிவந்தன. கை கடிகாரத்தை விட்டது.

“நான் இங்க மேலாளர் இல்ல. வாடிக்கையாளர்” என்றார்.

பயிற்சியாளர் குனிந்து தாளில் ஏதோ எழுதினார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, பலகையை அழித்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் அவளைக் கூப்பிட்டார். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கடிகாரம் மேடம். போன் வந்தா திருகுவாரு.”

“இத என்னால வகுப்புல சொல்லித்தர முடியாது.” பயிற்சியாளர் துடைப்பானைக் கீழே வைத்தார். முகத்தில் களைப்பும் ஆசையும் கலந்திருந்தன. தானும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஏதோ இருக்கிற மாதிரி. “ஆனா எனக்கு ஒரு தாள் குடுத்திருக்காங்க. அதுல இருக்கற கட்டத்துலதான் நான் மார்க் போடணும். இதுக்கு அதுல கட்டம் இல்ல.”

“அப்ப எதுல போட்டீங்க?”

பயிற்சியாளர் தாளைத் திருப்பிக் காட்டினார். ‘எல்லை மீறல்’ என்ற வரிக்கு நேரே ஒரு குறி.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. வளையம் முதலிடம். அவள் ஒன்பதாவது.

“அன்னைக்குக் காலையில மேலாளருக்கு மாத்தல் வரப்போகுதுன்னு போனாம்” என்றார் திருப்புளி, ஒரு மோட்டாரின் தூசியை ஊதிக்கொண்டே. “பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலையாம். நீ கூட்டத்துல வச்சுக் கேட்டுட்ட. ஏன்க்கா, உனக்குக் கொஞ்சம் மக்கா இருக்கத் தெரியாதா?”

“அதுக்கு எங்கயாவது பயிற்சி இருந்தாச் சொல்லுங்க, போறேன்.”

வளையத்தின் கடைசிக் கேள்விப் பதிலை மேலாளர் அச்சடித்துப் பலகையில் ஒட்டியிருந்தார். தலைமை அலுவலகம் பாராட்டியதாம். அவள் இரண்டு தடவை படித்தாள். ‘வாடிக்கையாளர் கொண்டுவரும் பொருள் அவருடைய வீட்டின் ஒரு துண்டு. அதை மரியாதையுடன் தொடும்போது அவரையே மதிக்கிறோம். துடைப்பது என்பது கேட்பதன் ஒரு வடிவம்.’ படித்துவிட்டு, அவள் கோபப்படலாமா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. அட, அதுதானா காரணம்? ஒருவேளை இருக்கலாம். ஆனால் வீட்டின் துண்டாக இல்லாத பொருளைக் கொண்டுவருகிறவர்களும் உண்டே. பழைய சாமான் கடையில் வாங்கிய ஹீட்டரைக் கொண்டுவந்து கத்தினவருக்கு?

வளையம் பின்னால் வந்து நின்றாள். காதில் அன்று வளையங்கள் இல்லை. பொறுப்பாளருக்குப் பொருத்தமாகச் சின்னத் தோடு.

“அக்கா, அது ஒங்களப் பாத்துத்தான் எழுதினேன்.”

“தெரியும்.”

“ஒங்க பேரப் போட்டிருக்கணுமோ?”

“பரீட்சையில யாராவது அடுத்தவங்க பேரப் போடுவாங்களா?”

“கோவமாக்கா?”

“பாத்துக்கிட்டிருக்கேன்” என்றாள். அதுவும் உண்மைதான்.

மேலாளரிடம் போய், கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். டாக்டர் சீட்டை நீட்டினாள். அவர் அதை முழுதாகப் படித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் இன்னும் ஒரு மாசந்தான் இங்க. எனக்குப் பின்னால வர்றவரு கேட்டா யாரு பதில் சொல்றது? சுற்றறிக்கை இருக்குதேம்மா.” சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். “அடுத்த வருஷம் திரும்பப் பயிற்சி வரும். அந்த எல்லை விஷயத்துல கொஞ்சம் வேலை பண்ணுங்க.”

அந்த மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். நாற்பது கிளைகளுக்கும் அனுப்ப ஒரு பயிற்சிப் படம் வேண்டுமாம். ஏழு படிகளில், வளையத்தின் விளக்கத்தோடு. எல்லாக் கிளைக்கும் மஞ்சள் துணி வாங்க உத்தரவாகியிருந்தது. வளையம்தான் துடைத்துக் காட்டுவதாக இருந்தது. மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் ஒயர் சிக்கிக்கொண்டது.

வளையம் ரசீதுக் கவுண்டருக்கு வந்தாள். “அக்கா, என் கை ஒதறுது. ஒரே ஒரு தடவை நீங்க வாங்களேன். நான் பின்னாலேருந்து பேசிக்கறேன்.”

அவள் வளையத்தின் முகத்தைப் பார்த்தாள். தூங்காத கண்கள். பதவிக்கு வந்து மூன்று வாரத்தில் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பியிருந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனவள், போதும் என்று நிறுத்திக்கொண்டு, துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

“முகம் வராது, கவலப்படாதீங்க” என்றார் கேமராக்காரர். “கை மட்டுந்தான்.”

அவர் கேமராவை நிறுத்தும் முக்காலியை எடுத்து வர மறந்துவிட்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்து, தடுப்புக்குள்ளிருந்து பொறுப்பாளரின் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். அதன்மேல் இரண்டு உதிரிப்பாகப் பெட்டிகளை அடுக்கி, கேமராவை உட்கார வைத்தார். அசைத்துப் பார்த்தார். பள்ளத்தில் பெட்டி கச்சிதமாகப் பொருந்தி நின்றது.

“சக்கரம் வேற இருக்குது. தள்ளிக்கிட்டே கிட்ட வரலாம். நல்லதாப் போச்சு.”

ஒரு இஸ்திரிப் பெட்டியை அவள்முன் வைத்தார்கள். எதிரே யாரும் இல்லை. யாரும் கத்தவில்லை. கைப்பிடியைத் துடைத்தாள். ஒயரை நுனியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தாள். எங்கிருந்து எது இறங்குகிறது என்று வழக்கம்போலக் கவனித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், துணியைப் பிடித்திருக்கும் தன் விரல்களின் கணுக்கள் வெளுத்திருப்பதைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவை அப்படி வெளுத்து அவள் பார்த்ததில்லை.

“சூப்பர். இன்னொரு தடவை” என்றார் கேமராக்காரர். “இன்னும் கொஞ்சம் மெதுவா.”

பிறகு வெளிச்சம் சரியில்லை என்று ஒரு தடவை. விளக்கம் பிந்திவிட்டது என்று ஒரு தடவை. வெளியே ஹாரன் சத்தம் கேட்டது என்று ஒரு தடவை. எட்டாவது தடவையில் பெட்டி பளபளவென்று இருந்தது. துணியில் ஒட்டுவதற்கு அழுக்கே இல்லை. காலுறைக்குள் கனம் கெண்டைக்கால் தாண்டி ஏறியிருந்தது. அவளுடைய ஒரு தோள் மெல்லத் தாழ்ந்தது. அது படத்தில் வராது.

“துடைப்பது என்பது கேட்பதன் ஒரு வடிவம்” என்றாள் வளையம், தாளைப் பார்த்து, பிசிறில்லாத குரலில்.

கேமராக்காரர் குனிந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளினார். சத்தமே இல்லாமல் அது அவள் கைகளை நோக்கி உருண்டு வந்தது.